டயர் வாங்கப் போனேன்

"பெண்கள் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் டயர் பற்றி எழுத வந்துவிட்டாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சகோதரிகள் நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். உப்புமாவில் கட்டி விழாமல் கிளற வழி எழுதினால் படிக்கிறோம். குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று எழுதினால் படிக்கிறோம். அதே குழந்தையை மடியில் வைத்து, ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் சேலைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் பின்னால் உட்கார்ந்து போகிறோமே, அந்த வண்டி எதன்மேல் நின்று ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்?

என் மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் விளையாட்டாக ஒன்று செய்தாள். பழைய காலண்டர் தாளைத் தரையில் விரித்து, பின் சக்கரத்தில் அடுப்புக்கரியை நன்றாகத் தேய்த்து, வண்டியை அதன்மேல் இறக்கி, நாங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். இறங்கித் தாளை எடுத்துப் பார்த்தால், விரல்களை விட்டுவிட்டு என் உள்ளங்கையை மட்டும் பதித்தால் எவ்வளவு வருமோ, அதுகூட இல்லை. முன் சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான். அவர், மகள், அவருடைய டூல்ஸ் பை, சந்தையில் வாங்கிய மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் அந்த இரண்டு கரித் தீற்றல்தான் பிடித்து வைத்திருக்கிறது. பிரேக் போட்டாலும் அதுதான், வளைவில் சாய்ந்தாலும் அதுதான்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து துணிமணி காய்வதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் மற்றவர்களுக்கு முக்கியமாக ஒரு மழைக்காலம், எங்களுக்கு இரண்டு. ரோடெல்லாம் ஏற்றம், இறக்கம், வளைவு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம்.

ரப்பர் எனக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, தண்ணீர் விட்டு ஆசிட் ஊற்றி உறைய வைத்தால், தயிர் மாதிரி கெட்டியாகிவிடும். அதை மெஷினில் உருட்டி ஷீட்டாக்கிப் புகையில் காய வைப்பார்கள். சின்ன வயதில் அந்த ஷீட்டை முற்றத்துக் கொடியில் காயப் போடுவது என் வேலை. வாசனை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் மூக்கைச் சுளிக்கத்தான் தோன்றுகிறது. வெறும் ஷீட் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது டயருக்கு ஆகும் பதத்துக்கு வரும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். காற்றடைத்த டயரை 1888-ல் காப்புரிமை பெற்று நடைமுறைக்குக் கொண்டுவந்த டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்து பார்த்தாராம். இதைப் படித்தபோது, டயர் ஒன்றும் நம் வீட்டு விஷயத்துக்கு அந்நியம் இல்லை என்று எனக்குப் பட்டது.

2023 ஜூன் மாதம், மழை தொடங்கிய முதல் வாரம். என் கணவர் எலெக்ட்ரீஷியன். வீட்டு ஒயரிங், கிணற்று மோட்டார் என்று தினம் நாற்பது கிலோ மீட்டர் ஓடுகிறவர். நர்ஸிங் படிக்கும் மகளைக் காலையில் மார்த்தாண்டம் பஸ்ஸுக்குக் கொண்டுவிடப் போனார். திருவட்டார் போகும் வழியில் ஒரு இறக்கம். மழை விட்டுத் தூறல்தான். முன்னால் போன ஆட்டோ நின்றது, இவர் பிரேக் போட்டார். வேகம் முப்பதுதான் இருக்கும். பின் சக்கரம் நாய் வால் மாதிரி ஒரு பக்கமாக வந்துவிட்டதாம். மகளுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. அவருக்கு இடது காறை எலும்பு முறிந்தது. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி ஒரு எலெக்ட்ரீஷியன் என்ன செய்வார்? ஸ்டூலில் ஏற முடியாது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாது. அந்த ஆறு வாரமும் வீட்டில் அடுப்பு எரிந்தது என் தையல் மெஷினால்.

வண்டியை மெக்கானிக் தம்பி வந்து பார்த்தான். இவர் படுக்கையிலிருந்தபடியே, "பட்டன் எல்லாம் இருக்கே தம்பி, டயர் நல்ல டயருதான்" என்றார். பட்டன் இருந்தது உண்மைதான். தம்பி கட்டை விரல் நகத்தை டயரில் அழுத்திக் காட்டினான். தடமே விழவில்லை. "கல்லு மாதிரி ஆயிட்டு அண்ணே. தேயாம இருக்குன்னா பிடிக்காம இருக்குன்னு அர்த்தம்" என்றான்.

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது எந்தக் கம்பெனி டயர் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஐந்து வருடம், 28,000 கிலோ மீட்டர் உழைத்த டயர். கோடைக்காலத்தில் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாள்பட்ட டயர் எதுவானாலும் இப்படித்தான். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்காகக் கிடந்தால் இறுகிவிடும். அலமாரியில் கிடக்கும் பழைய ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறும்.

புது டயர் வாங்க நானே போகிறேன் என்றேன். "நீ டயர் கடைக்குப் போயி என்னத்தப் பாக்கப்போற? பழைய கம்பெனியே வாங்கு, முப்பதாயிரம் ஓடும்" என்றார் இவர். என் அண்ணன் மகனோ, "அத்தை, பின்னால தடியா 100/90 போடுங்க, பாக்கக் கெத்தா இருக்கும்" என்றான். ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு அழகு. விழாமல் வீடு வந்து சேர்வதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டையும் மகளையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி, "என்ன கம்பெனி வேணும் அக்கா?" என்றான். "கம்பெனி அப்புறம். மழையில் பிடிக்கிற டயர் எது, நாள் ஓடுகிற டயர் எது, ரெண்டையும் தனித்தனியா அடுக்கு" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் அடுக்கினான். அடுக்கியபோதுதான் தெரிந்தது, ஒரே கம்பெனி டயர் இரண்டு அடுக்கிலும் இருக்கிறது!

எம்.ஆர்.எஃப். நம் சென்னைக் கம்பெனி. 1946-ல் திருவொற்றியூரில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்து தொடங்கியவர்கள். அதில் நைலோகிரிப் என்பது அன்றாடம் ஓடி உழைக்கிற வகை. ஸாப்பர் என்ற வரிசை பிடிப்பை முன்வைத்துச் செய்வது. சியட் 1924-ல் இத்தாலியில் டூரின் நகரத்தில் பிறந்து 1958-ல் இந்தியாவுக்கு வந்தது. அதில் மைலேஸ் என்று ஒன்று, பெயரிலேயே 'நான் ரொம்ப தூரம் ஓடுவேன்' என்கிறது. கிரிப் என்று இன்னொன்று, அதுவும் பெயரிலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது. டி.வி.எஸ். டயர் மதுரைக்காரர்களுடையது. 1982-ல் ஸ்ரீசக்ரா என்று தொடங்கினார்கள், 2019 முதல் யூரோகிரிப் என்ற பெயரில் வருகிறது. அப்பல்லோ பக்கத்துக் கேரளத்தில் பேராம்பிராவில் 1977-ல் தொடங்கிய ஆலை. லாரி, கார் டயருக்குப் பேர் போனவர்கள், 2016-ல்தான் இரு சக்கர டயருக்கு வந்தார்கள். மிஷலின் பிரான்ஸ் தேசத்தது. பிடிப்புக்கு நல்ல பேர், விலை மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதல். எங்கள் அளவு அன்று கடையில் கையிருப்பு இல்லை.

சச்சின் மட்டையில் ஒரு டயர் பெயர், ரோகித் சர்மா மட்டையில் ஒரு டயர் பெயர், 2022-ல் சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் இன்னொரு டயர் பெயர். எங்கள் வீட்டு ஆண்கள் டயர் வாங்குவது பாதி இந்தக் கணக்கில்தான் என்பது என் சந்தேகம். சிக்ஸர் அடிக்கிற மட்டை திருவட்டார் இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா?

ஐந்தில் எது உயர்ந்தது என்று தம்பியிடம் நேராகவே கேட்டேன். "அக்கா, கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தவிட, ஒரே கம்பெனியில மைலேஜ் டயருக்கும் கிரிப் டயருக்கும் உள்ள வித்தியாசம் பெருசு" என்றான். இரண்டு அடுக்கிலும் நகத்தை வைத்துப் பார்த்தேன். மகளையும் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எது எந்த அடுக்கு என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியாது!

வேறொன்றுமில்லை, செருப்புக் கணக்குதான். அடிப்பாகம் கடினமான செருப்பு இரண்டு வருடம் உழைக்கும், குளியலறைத் தரையில் காலை வாரிவிடும். மெத்தென்ற செருப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த தீபாவளிக்குள் குதிகால் தேய்ந்துவிடும். டயரிலும் மிருதுவான ரப்பர் ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. கடின ரப்பர் மேலோடு போகிறது. எங்கள் ஊர்ப் பால் மட்டும் டயரில் இல்லை. செயற்கை ரப்பர், கருமையும் உறுதியும் தருகிற கார்பன் பொடி, இன்னும் என்னென்னவோ. மணலிலிருந்து எடுக்கிற சிலிகா சேர்த்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும். என்ன சேர்க்கிறார்கள், எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதில்தான் இரண்டு டயருக்கு நடுவே உள்ள வித்தியாசம். சாம்பார்ப் பொடி மாதிரி. விலை உயர்ந்த டயர்களில் நடுவில் கடினமாகவும் ஓரத்தில் மிருதுவாகவும் இரண்டு கலவை வைத்துச் செய்வதும் உண்டு. நேராக ஓடும்போது தேயாது, சாயும்போது பிடிக்கும். அது பெரிய வண்டிக்காரர்கள் சமாசாரம், நூறு சி.சி. வண்டிக்காரர்களான நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டயரில் வெட்டியிருக்கும் கோடுகளைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் உண்டு. சேலைக் கரை பார்ப்பதுபோல! கோடுகளின் வேலை தண்ணீரை ஒதுக்கி வழிவிடுவது. பிடிப்பது ரப்பர்தான். முன் டயரில் பெரும்பாலும் நெடுக்கான கோடுகள் இருக்கும், ஹேண்டில் சொன்ன திசையில் வண்டி நேராகப் போக. பின் டயரில் குறுக்கு வெட்டு அதிகம், என்ஜின் இழுப்பும் பிரேக்கும் தாங்க.

இனி முக்கியமான விஷயம். பால் பாக்கெட் வாங்கினால் தேதி பார்க்கிறோம், மாத்திரை வாங்கினால் தேதி பார்க்கிறோம். டயருக்கும் தேதி உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பதித்திருக்கும், சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். முதலில் தம்பி எடுத்துவந்த டயரில் 2219 என்று இருந்தது. அதாவது 2019-ம் வருடம் 22-வது வாரம். புது டயர்தான், தாள்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் நாலு வருடம் குடோனில் இருந்திருக்கிறது. "ஏன் தம்பி, என் மக பத்தாம் கிளாஸ் படிக்கிறப்போ செஞ்ச டயரை எனக்குத் தர்றியே?" என்றேன். கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர் தன் கையிலிருந்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தம்பி உள்ளே போய் அந்த வருடத்து டயர் கொண்டுவந்தான்.

பிடிப்பு அடுக்கில் புதிய தேதி இருந்தது மதுரை டயரில். அதை எடுத்தேன். அதே தேதியில் வேறொரு கம்பெனி இருந்திருந்தால் அதை எடுத்திருப்பேன்.

விலை 1,900 ரூபாய். அவர் சொன்ன மைலேஜ் டயர் 1,500. வீட்டுக்கு வந்ததும் இவர் முகம் சுருங்கிற்று. "நானூறு ரூபா கூடக் கொடுத்து, பத்தாயிரம் கிலோ மீட்டர் குறையவா ஓடும்?" என்றார். நோட்டை எடுத்துப் போட்டேன். 1,500 ரூபாய் டயர் 30,000 ஓடினால் கிலோ மீட்டருக்கு ஐந்து காசு. 1,900 ரூபாய் டயர் 20,000 ஓடினால் ஒன்பதரைக் காசு. வித்தியாசம் நாலரைக் காசு. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ மீட்டர் என்றால் 1 ரூபாய் 80 காசு. ஒரு சாயாவுக்குக் காணாது. ஆறு வாரக் கூலியைப் பக்கத்தில் எழுதினேன். எக்ஸ்ரே, டாக்டர், மருந்து எல்லாம் அதற்குக் கீழே எழுதினேன். இவர் நோட்டை மூடிவிட்டு, "சரி, மாட்டச் சொல்லு" என்றார்.

அண்ணன் மகனின் தடி டயர் ஆசைக்கும் கடைக்காரத் தம்பியே பதில் சொன்னான். எங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 80/100-18. முதல் எண் அகலம், மில்லி மீட்டரில். அடுத்தது அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒல்லி ரிம்மில் தடி டயரை மாட்டினால் ரிம் அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். டயரின் வளைந்த முதுகு கூம்பிவிடும். தரையில் படும் இடம் கூடும் என்று பார்த்தால் கூடாது. வண்டி திரும்புவதற்கு மறுக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், செயின் கவரில் உரசினாலும் உரசும். சட்டை அளவெடுக்காமல் வாங்குவதுபோல்தான். அளவுக்குப் பின்னால் 54பி என்று இருந்தது. 54 என்றால் அந்த ஒரு டயர் 212 கிலோ தாங்கும், பி என்றால் மணிக்கு 150 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். இவர் அறுபதைத் தாண்டினாலே நான் பின்னாலிருந்து கிள்ளுவேன்.

ஓட்டத்தைப் பற்றியும் ஒன்று. பழைய டயர் விழுவதற்குச் சில மாதம் முன்பிருந்தே, "வளைவுல சாய்ச்சா வண்டி ஒரேடியா விழப்பாக்குது, பைய வர மாட்டேங்குது" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால்தான் காரணம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் டயரின் முதுகு உருண்டையாக இருக்க வேண்டும், அதன்மேல் உருண்டுதான் வண்டி சாய்கிறது. நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி நடுப்பகுதி அம்மிக்கல் மாதிரித் தட்டையாகிவிட்டால், ஓரத்தில் ஒரு விளிம்பு வந்துவிடும். சாய்க்கும்போது வண்டி அந்த விளிம்பில் தடுக்கி மறுபக்கம் விழுகிறது. உங்கள் வீட்டுக்காரரும் இப்படி ஏதாவது முணுமுணுத்தால் டயரை ஒருமுறை பின்னால் நின்று பாருங்கள். முதுகு உருண்டையா, தட்டையா என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், டி.டபிள்யூ.ஐ. என்று ஓரத்தில் குறி இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் பேச்சே கிடையாது, மாற்றிவிட வேண்டியதுதான்.

புது டயர் மாட்டிய அன்று தம்பி ஒன்று சொன்னான். "மொதல் நூத்தம்பது கிலோ மீட்டர் பைய போகச் சொல்லுங்கக்கா. புது டயர் மேல வழவழன்னு இருக்கும், அது போனாத்தான் பிடிக்கும்." புதுசுதானே என்று அன்றைக்கே சாய்த்து ஓட்டினால் புது டயரும் வழுக்கும். அதைவிட மோசம் வாட்டர் சர்வீஸ். வண்டியைக் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக எண்ணெயை அடித்துவிடுகிறார்கள். டயர் முதுகில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஆபத்து. எங்கள் வண்டியை விடும்போது, "டயரில் பாலிஷ் வேண்டாம்" என்று ஒரு சீட்டு எழுதி டேங்க்கில் ஒட்டியே அனுப்புகிறேன். சிரிக்கட்டும்.

காற்று? பெட்ரோல் பங்கில் கேட்காமலே இரண்டிலும் முப்பத்தைந்து அடித்துவிடுவார்கள். எங்கள் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் 28. பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்கு இன்னும் கூட்ட வேண்டும், அந்தக் கணக்கும் வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. காற்று அதிகமானால் அந்தக் கரித் தீற்றல் இன்னும் சுருங்கிப்போகும். குறைந்தால் டயர் அப்பளம் மாதிரி நெளிந்து சூடாகும், திருப்பத்தில் வண்டி தத்தளிக்கும். காலையில் வண்டி ஓடுவதற்குமுன் டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்குமுன் வண்டிக்குக் காற்று.

2019 ஏப்ரலுக்குப் பின் வந்த சின்ன வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். எப்பேர்ப்பட்ட டயரும் கைவிடுகிற இடங்களும் உண்டு. ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்ட் கோடு, சாக்கடை மேல் இரும்பு மூடி, ரயில்வே கேட் தண்டவாளம், ஊறிக் கிடக்கும் இலைக் குப்பை. பல நாள் வெயிலுக்குப் பிறகு மழை பெய்யும் முதல் அரை மணி நேரம் எல்லாவற்றையும்விட மோசம். ரோட்டில் ஊறியிருந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும். பலமாகப் பெய்து கழுவிவிட்டால் தேவலை. தூறல்தான் பொல்லாதது. அந்த நேரத்தில் இவர் கிளம்பினால் ஒரு கட்டஞ்சாயா போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். குடித்து முடிப்பதற்குள் மழை ஒரு வழிக்கு வந்துவிடும்.

அந்த மதுரை டயர் 2025 மார்ச்சில் 19,400 கிலோ மீட்டரில் மேட்டைத் தொட்டது. இரண்டு தென்மேற்கு, இரண்டு வடகிழக்கு பார்த்துவிட்டது. அதே இறக்கத்தில் அதே மாதிரி ஆட்டோ எத்தனையோ தரம் நின்றிருக்கும். "வால் ஆட்டல" என்று ஒரே வார்த்தையில் சர்ட்டிபிகேட் கொடுத்தார் இவர். மார்ச்சில் மாற்றும்போது வேண்டுமென்றே கம்பெனியை மாற்றினேன், வகையை மாற்றவில்லை. சியட்டில் மிருதுவான வகை, ஏழு வாரத்து டயர். மாட்டி ஒரு மாதம் கழித்து எப்படி என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "திரும்பும்போது கொஞ்சம் லேசா இருக்கோ என்னவோ. பிரேக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பதினைந்து வருடம் ஒரே கம்பெனி டயர் என்று பிடிவாதமாக இருந்த மனிதர்!

இந்த வருடம் மகள் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போக ஸ்கூட்டர் வேண்டுமாம், பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். சீட்டு கிழியவில்லை, பெயிண்ட் நன்றாக இருக்கிறது. முட்டி போட்டு டயரைப் பார்த்தேன், 90/100-10. பத்து அங்குலச் சக்கரம், பள்ளத்தில் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கி ஏறும். முன்னதில் 1418 என்று இருந்தது, பின்னதில் எண்ணே தெரியாத அளவுக்குச் சேறு. விற்கிறவர், "டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும்மா" என்றார். ரெண்டு டயர் விலையைக் குறைத்துக்கொண்டு தருவதானால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மார்த்தாண்டம் கடைக்கு போன் போட்டு, அந்த அளவில் மிருது வகை எந்த வாரத்தது இருக்கிறது என்று கேட்டேன். "குடோனைப் பாத்துட்டுச் சொல்றேன் அக்கா" என்றான் தம்பி.